மாட்டுக்கு ‘டைட்டானியம் மூட்டு’: 42,000 ரூபாய் போச்சு, உஷார்!

கிராஸ் ஜெர்சி, இரண்டாம் ஈத்து. படுத்து எழுந்தா இடது பின்னங்கால் பின்னாடி விறைச்சுக்கும். குளம்பு நுனி தரையைத் தேய்க்க நாலு எட்டு, அப்புறம் ‘டக்’குன்னு கால் வெடுக்குனு முன்னாடி வரும். நடை சரியாயிடும்.

இதுக்குத்தான் ‘மூட்டு தேஞ்சிருச்சு, டைட்டானியம் மூட்டு மாத்தணும்’னான், வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற நடமாடும் எலும்பு சிகிச்சைக்காரன். வந்தான், டேப்பைச் சுத்தினான், கார்பன் வச்ச நோட்டுல 38.5 செ.மீ.னு எழுதினான். அரை சென்டிமீட்டரைக்கூட விடாம எழுதுறவன் ஏமாத்துவானான்னு நம்பிட்டோம். அங்கேயே யூபிஐ-யில் 42,000.

செயற்கை மூட்டுக்கு அளவு எக்ஸ்ரேல எடுக்கணும், தோலுக்கு மேல டேப் சுத்தி இல்ல. அவன் அனுப்பின எக்ஸ்ரேயும் மாட்டோடது இல்ல. இடுப்பு, ரெண்டு தொடை, ரெண்டு முழங்கால் எல்லாம் ஒரே ஃபிலிம்ல இருந்துச்சு. அது நாய்! நாய்க்கு இடுப்பு மூட்டு மாத்துறது உண்டு. 400 கிலோ கறவை படுத்து எழும்போது பின்பக்கத்தைத்தான் முதல்ல தூக்கும். அப்ப பின்னங்கால்ல பெரிய பாரம் விழும். வச்ச மூட்டு எப்படித் தாங்கும்?

உண்மையில மூட்டுல தேய்மானமே இல்ல. முழங்கால் சில்லைப் பிடிச்சிருக்கிற நாண் மூணு. உள்பக்க நாண் தொடை எலும்பு மேட்டுல போய் மாட்டிக்கிட்டா கால் பூட்டிக்கும், விடுபடும்போதுதான் அந்த ‘டக்’. வைத்தியம் அந்த ஒரு நாணை வெட்டுறது. முடி மழிச்சு, மரத்துப்போக லிக்னோகெய்ன் போட்டு, நாண் கீழ்க்கால் எலும்புல ஒட்டுற இடத்துக்குப் பக்கத்துல சின்னக் கீறல் போட்டு வெட்டுவாங்க. சில நிமிஷ வேலை, மாடு அப்பவே நடக்கும். கை தவறி நடு நாணை வெட்டிட்டா காரியம் கெட்டது, அதனால தெரிஞ்ச கால்நடை டாக்டர்தான் செய்யணும்.

பணம் போனதுக்கு அப்புறம்? ‘பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது சார்.’ மூணு நாள் கழிச்சு ‘மாடு எடை ஏறிடுச்சு, அடுத்த சைஸ் வேணும், இன்னொரு 15,000.’ கேள்வி கேட்டதும் நீல டிக் மட்டும். இப்ப நம்பரே பிளாக். 42,000 ரூபாய், மூணு மாச தீவனக் காசு!

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், கை நடுங்குது. கால் பூட்டினா கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடிங்க, இல்ல கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிட்டுப் போங்க: வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. வைத்தியம் பார்க்க வர்றவர்கிட்ட கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேளுங்க. அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கொடுத்துட்டா அன்னைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க. நாங்க ஆறு நாள் பொறுத்துட்டு அடிச்சோம்.