கோவையின் வணிக வளாகங்களும் பொழுதுபோக்கு இடங்களும்: ஒரு குடும்பத்தின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

புதிய வணிக வளாகம் ஒன்று திறக்கப்படும்போது வரும் மதிப்புரைகளில் பெரும்பகுதி எந்தெந்தக் கடைகள் அங்கே வந்துள்ளன என்பதைப் பற்றியதாகவே இருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே வளாகத்துக்குப் போனால் அந்தக் கடைகளில் பாதி இருப்பதில்லை. உணவுக் கடைகள் இன்னும் வேகமாக மாறிவிடுகின்றன. மாறாமல் இருப்பவை வேறு: அந்தக் கட்டடம் எந்தச் சாலையில் நிற்கிறது, வண்டி இல்லாதவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்வது, உள்ளே போனபின் வயதானவர் உட்கார இடம் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம், ஒன்றும் வாங்காமல் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா என்பவையே. கோயம்புத்தூரில் 2009இல் புரூக்ஃபீல்ட்ஸ், 2012இல் ஃபன் ரிபப்ளிக் (இன்றைய ஃபன் மால்), 2017இல் புரோசோன், 2023இல் லூலு ஹைப்பர்மார்க்கெட் என்று அடுத்தடுத்து வந்த இடங்களைத் துடியலூரில் குடியிருக்கும் எங்கள் குடும்பம் அவை திறந்த காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறது. வீட்டில் முழங்கால் வலியுள்ள அம்மாவும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருப்பதால், எங்கள் கணக்கு மேற்சொன்ன கேள்விகளில்தான் தொடங்குகிறது.

இந்த அளவுகோலில் இடத்தின் சிறப்பால் முன்னிற்பது புரூக்ஃபீல்ட்ஸ். புரூக் பாண்ட் சாலை என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் கிருஷ்ணசாமி சாலையில், ஆர்.எஸ்.புரத்துக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் அது அமைந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வழியாக வரும் பாசஞ்சர் ரயில் வடகோவையில் நிற்கிறது. அங்கிருந்து வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். பத்து ரூபாய்ப் பயணச்சீட்டில், மேட்டுப்பாளையம் சாலை நெரிசலில் சிக்காமல் இறங்கக்கூடிய வணிக வளாகம் கோவையில் இது ஒன்றுதான். காரமடைப் பக்கத்துக் குடும்பங்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு இந்த ரயிலில் வந்திறங்கி, பொழுது சாய்ந்ததும் பைகளோடு நடைமேடையில் காத்திருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வளாகத்தைக் கட்டியவர்கள் ரயிலை நினைத்து இடம் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எங்களைப் போன்ற வடக்குப் பக்கத்து மக்களுக்கு அது பெரிய வசதி.

கட்டடம் நகரின் நடுவில் இருப்பதால் உயரவாக்கில் அடுக்கப்பட்டிருக்கிறது. உணவுக்கூடமும் திரையரங்கும் மேல்தளங்களில். இளைஞர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் எந்த மாலாக இருந்தாலும், எஸ்கலேட்டரின் அடியில் சற்று நேரம் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ஊர்ப்புறத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பற்றிக்கொண்டு, மறு கையைக் கைப்பிடிமேல் வைப்பதும் எடுப்பதுமாக நிற்பார். மகனும் மருமகளும் பாதி தூரம் மேலே போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் வரிசை சேர்ந்துவிடும். என் அம்மா, “நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் கீழயே செத்த உக்கோந்துக்கறேன்” என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்பவருக்குக் கீழே உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறதா என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் அன்றைய நாள் நிற்கிறது. லிஃப்ட் ஏதாவதொரு மூலையில் இருக்கும். ஞாயிறு மாலையில் குழந்தைவண்டிகளோடு அதற்கும் கூட்டம் நிற்கும். உயர அடுக்கிய கட்டடங்களுக்கு முதியவரோடு போகிறவர்கள் வாரநாளில், பதினொரு மணியை ஒட்டிப் போவதே நல்லது என்பது எங்கள் நெடுநாள் அனுபவம்.

சத்தி சாலையில் சிவானந்தபுரத்தில் உள்ள புரோசோன் இதற்கு நேர்மாறான அமைப்பு. நகரின் விளிம்பில் இடம் தாராளமாகக் கிடைத்ததால் அது அகலவாக்கில் விரிந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதே ஒரு நடைப்பயிற்சி. ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் சக்கர நாற்காலியிலோ குழந்தைவண்டியிலோ போகிறவர்களுக்கு இவ்வகைக் கட்டடமே உகந்தது. துடியலூரிலிருந்து வெள்ளக்கிணறு வழியாகச் சரவணம்பட்டி போகும் குறுக்குச் சாலையில் எங்களுக்கு அது பக்கம்தான். ஆனால் உக்கடத்திலிருந்தோ சிங்காநல்லூரிலிருந்தோ வருகிறவர், காந்திபுரம், கணபதி எல்லாம் கடந்து வர வேண்டும். சரவணம்பட்டியைச் சுற்றித் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியதால் மாலை ஆறு மணிக்கு மேல் சத்தி சாலை எப்படி இருக்கும் என்பதைக் கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளம் பணியாளர்களுக்கு, கடைவீதியாகவும் மந்தையாகவும் இந்த வளாகம் பயன்படுகிறது; நம் ஊர்களில் வேலை முடித்தவர்கள் மந்தையில் கூடுவதைப் போல அவர்கள் இங்கே இரவுச் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள்.

அவிநாசி சாலையில் பீளமேட்டுப் பக்கம் உள்ள ஃபன் மால் கல்லூரி மாணவர்களின் இடம். பி.எஸ்.ஜி., ஜி.ஆர்.ஜி. நிறுவனங்கள் எல்லாம் அதே சாலையில் இருப்பதால், வாரநாள் பிற்பகலில்கூட அங்கே இளையோர் கூட்டம் இருக்கும். குடும்பத்தோடு அதிகம் போகாததால் இதைப் பற்றி விரித்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு பெயரிலான மேம்பாலம் திறக்கப்பட்டபின், அவிநாசி சாலையில் கடைக்குப் போகும் கணக்கே மாறிவிட்டது. விமான நிலையத்துக்குப் போகிறவர் மேலே போய்விடுகிறார். வழியில் கடைக்கு இறங்க வேண்டியவர், தனக்கு உரிய இறங்குதளம் எது என்பதை முன்கூட்டியே அறிந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ச்சாலையிலேயே வந்துவிட வேண்டும். பேருந்துப் பயணிக்கோ எப்போதும் கீழ்ச்சாலைதான். அங்கே சாலையைக் கடப்பது முதியவருக்கு இன்றும் எளிதாக இல்லை.

லூலு வந்திருக்கும் இடம்தான் கோவைக்காரர்கள் மனத்தைத் தொடுவது. 1910இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்லின் வளாகம் அது. பஞ்சும் நூலுமாக இந்த நகரத்தை வளர்த்த மில்களின் நிலங்கள் ஒவ்வொன்றாக வேறு பயனுக்கு மாறிவரும் காலத்தில், பேருந்து நடத்துநர்கள் “லட்சுமி மில்ஸ் எறங்கு” என்று குரல் கொடுக்கும் அதே நிறுத்தத்தில் இப்போது மக்கள் மளிகைக் கூடையோடு ஏறுகிறார்கள். என் தாய்மாமன் மில் தொழிலாளியாக இருந்தவர். அவரோடு ஒருமுறை அங்கே போனபோது, பழம் காய்கறி அடுக்கியிருப்பதைவிட வளாகத்துக்குள் வாகனங்கள் நுழையும் வழியைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை அது தினசரி மளிகைக்கான இடம் என்று நான் கருதவில்லை. பிற இடங்களில் எளிதில் கிடைக்காத மீன், கேரளத்துச் சமைத்த பண்டங்கள், வெளிநாட்டுப் பழம் ஆகியவற்றுக்கு மாதம் ஒருமுறை போவது போதும். முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இதைப் போன்ற பெரிய கடைகளில், எடைபோட்டு வாங்கும் காய்கறியைப் பையில் போட்டு நேரே பில் போடும் இடத்துக்குக் கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தந்தப் பகுதியிலேயே எடைபோட்டு, விலைச்சீட்டு ஒட்டி வாங்கிய பிறகே வர வேண்டும். அரை மணி நேரம் வரிசையில் நின்றபின் ஒரு பை பச்சைமிளகாய்க்காக ஒருவர் மறுபடி உள்ளே ஓடுவதும், பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழப்பதும் வழக்கமான காட்சி. நாட்டுக்காய்க்கு நாங்கள் இன்றும் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குத்தான் போகிறோம். 1999இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் விலைப்பலகையை விடியற்காலையில் பார்த்துவிட்டால், குளிரூட்டிய அடுக்கில் இருக்கும் அவரைக்காயை எடுக்க மனம் வருவதில்லை.

துணிமணி விஷயத்தில் என் கருத்து இன்னும் உறுதியானது. பிள்ளைகளின் ஜீன்ஸும் சட்டையும் மாலில் வாங்கலாம். பிடித்தால் போட்டுப் பார்த்து எடுத்து வரலாம். ஆனால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஒப்பணக்கார வீதிக்கும் கிராஸ்கட் ரோட்டுக்கும் ஈடாக எந்த வளாகமும் இதுவரை வரவில்லை. சேலைப் பிரிவில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, விற்பனைப் பெண் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேலைகளைப் பிரித்துப் போடுவார். முந்தியைத் தனியாக இழுத்து வெளிச்சத்தில் காட்டுவார், “இதேல மாம்பழ பார்டர் வேணுங்களா அம்மா?” என்று கேட்டுக்கொண்டே அடுத்ததை எடுப்பார். வாங்குகிறவர் உட்கார்ந்திருக்க, பொருள் அவரைத் தேடி வருகிற இந்த முறை முதியவருக்கு எவ்வளவு மரியாதையானது என்பதை, மாலில் தொங்கவிட்ட உடைகளின் நடுவே நின்று கால் கடுத்த பிறகே நான் முழுதாக உணர்ந்தேன். கோனியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ராஜவீதி வழியாக நடந்து வருவதும் இந்த வாங்கலில் சேர்ந்தது. வண்டி நிறுத்த இடமில்லை என்பது அங்குள்ள பெருங்குறை. அதற்குப் பேருந்தே சரியான வழி.

திரைப்படத்துக்கு வருவோம். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டிய ஊர் இது. அந்த அரங்கின் பெயரைத் தாங்கிய சாலை இன்றும் இருக்கிறது. படம் பார்க்கும் பழக்கம் அவ்வளவு ஊறிய ஊரில், இன்று புதிய திரைகள் பெரும்பாலும் மால்களின் மேல்தளத்தில்தான் இருக்கின்றன. அவிநாசி சாலையில் ஐமேக்ஸ் திரையோடு வந்த பிராட்வே இதற்கு விலக்கு. படத்துக்காகவே போகிறவர்களுக்கு அது தனி அனுபவம். செலவைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைத் தெரிந்து வைத்திருப்பது பயன் தரும். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே தொடர்கிறது என்பதால், மால் திரையரங்குக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இதில் மிச்சமில்லை. வெளி உணவைத் தடுக்கும் உரிமை திரையரங்க உரிமையாளருக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதே, குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்பதையும் உறுதி செய்தது. கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டு செல்லத் தடை இருக்கக் கூடாது என்பதும் அப்போது பேசப்பட்டது. தண்ணீர்க் குழாய் எங்கே என்று ஊழியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அது நம் உரிமை.

ஒரு வளாகத்தில், பெயர் தேவையில்லை, அம்மாவுக்காகச் சக்கர நாற்காலி கேட்டோம். இருக்கிறது என்றார்கள், எடுத்து வர ஆள் வரவேண்டும் என்றார்கள், வந்தபோது சாய்வுப் பாதையின் அடியில் விளம்பரப் பலகை ஒன்று வழியை அடைத்து நின்றது. காவலர் அதைத் தூக்கி நகர்த்தி உதவினார். அவர்மேல் குறையில்லை. சாய்வுப் பாதை கட்டியவர்கள் அதை யாராவது பயன்படுத்துவார்கள் என்று நினைத்திருந்தால் பலகை அங்கே வந்திருக்காது. இவ்வளவு முதலீட்டில் எழும் கட்டடங்களில் இந்தச் சிறு கவனம் இல்லாதது எனக்கு உண்மையான வருத்தம்.

பணம் செலவழிக்காமல் மாலைப் பொழுதைக் கழிக்க இந்தப் பத்தாண்டில் வந்த சிறந்த மாற்றம், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சீரமைக்கப்பட்ட குளக்கரைகளும் ரேஸ் கோர்ஸும்தான். நொய்யல் தண்ணீரை நம்பி அந்தக் காலத்தில் வெட்டப்பட்ட உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் ஆகியவற்றின் கரைகளில் இன்று நடைபாதையும் இருக்கைகளும் விளக்குகளும் உள்ளன. குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளால் அமைந்த திருவள்ளுவர் சிலையில், தங்களுக்குத் தெரிந்த எழுத்துகளைப் பிள்ளைகள் விரல் நீட்டித் தேடுகிறார்கள். ரேஸ் கோர்ஸின் இரண்டரை கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் மரநிழலும் அடிக்கடி இருக்கைகளும் இருப்பதால், அம்மா தன் விருப்பப்படி நடந்தும் உட்கார்ந்தும் வருகிறார். குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்து கழிவுநீர் சேரும் காலங்களில் வாடை தாங்குவதில்லை. அப்போது கரை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. தண்ணீரைச் சுத்தமாக வைக்காமல் கரையை மட்டும் அழகுபடுத்துவது பாதி வேலைதான். 2025 நவம்பரில் காந்திபுரத்தில் சிறை வளாக நிலத்தில் 45 ஏக்கரில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவை, நீண்ட காலப் பயன்பாடு என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் அறியவில்லை. ஆனால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டி இல்லாதவரும் எளிதாக வந்து சேரும் இடத்தில் அவ்வளவு பெரிய பசுமை அமைந்திருப்பதே எந்த மாலுக்கும் கிடைக்காத அனுகூலம்.

வந்து சேரும் வழியே இந்த இடங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்பதால் மெட்ரோவைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. முதற்கட்டமாகத் திட்டமிடப்பட்ட இரண்டு தடங்களும் அவிநாசி சாலை, சத்தி சாலை வழியாகவே போவதாக இருந்தன. அதாவது ஃபன் மால், லட்சுமி மில்ஸ், புரோசோன் எல்லாம் ரயிலில் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கும். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு மக்கள்தொகைக் காரணத்தைக் காட்டி அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே இப்போதைக்கு நம்பக்கூடியது டவுன் பஸ்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், என் மனைவியும் அம்மாவும் பகலில் காந்திபுரம் போய்வரச் செலவே இல்லை. சிக்கல் இரவில்தான். மாலைக் காட்சி முடிந்து ஒன்பதரை மணிக்கு வெளியே வரும் குடும்பத்துக்குப் பேருந்துகள் குறைந்துவிடுகின்றன; அந்த நேரத்து ஆட்டோ கட்டணம் படத்தின் டிக்கெட் விலையை எட்டிவிடுகிறது. சத்தி சாலையிலும் அவிநாசி சாலையிலும் வார இறுதி இரவு பதினொரு மணி வரை கூடுதலாகச் சில பேருந்துகளை ஓட்டினால், அதற்கு வளாகங்களும் ஒரு பங்கு கொடுத்தால், வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி மற்றவர்களுக்கும் கிடைக்கும். அதுவரை நாங்கள் பகல் காட்சிக்கே போகிறோம், வடகோவையில் மாலை பாசஞ்சரைப் பிடிக்கும்படி நேரம் பார்த்து.