ஜிம்ப், ஓபிஎஸ் தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள்

பாட வீடியோ எடுக்க, படம் வெட்டி ஒட்ட, குரல் பதிவு செய்ய மென்பொருள் தேடுகிற ஆசிரியர்கள், மாணவர்கள், சிறிய யூடியூப் சேனல் நடத்துபவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ், குரல் பதிவுக்கு ஆடாசிட்டி, படம் திருத்த ஜிம்ப், படம் வரைய இங்க்ஸ்கேப், வீடியோ வெட்டி ஒட்ட கேடென்லைவ் எல்லாமே உண்மையிலேயே இலவசம். வாட்டர்மார்க் போடாது, 30 நாள் கழித்துப் பணம் கேட்காது. அவற்றை டவுன்லோட் செய்யப் போகிற வழியில்தான் ஆளைக் கவிழ்க்கிறார்கள்.

2022 அக்டோபரில் நடந்தது இது. கூகுளில் ஜிம்ப் என்று தேடியவர்களுக்கு முதல் வரியிலேயே ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்த முகவரி ஜிம்ப் டாட் ஆர்க், அதாவது அசல் தளத்தின் முகவரியேதான். தட்டினால் போய் நின்றது பெயரின் நடுவே இரண்டு எழுத்தைச் செருகிய போலித் தளத்தில். பக்கம் அச்சு அசலாக அப்படியே இருந்தது. இறங்கிய செட்டப் ஃபைல் சுமார் 700 எம்பி. அதற்குள் இருந்த திருட்டு நிரல் ஏறக்குறைய 5 எம்பிதான், மற்றதெல்லாம் வெறும் நிரப்பு.

ஏன் இப்படி ஊதிப் பெருக்குகிறார்கள்? மிகப் பெரிய ஃபைல்களைச் சில ஆன்டிவைரஸ்கள் முழுசாகச் சோதிப்பதில்லை. சந்தேகப்பட்டு, ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்றால், அங்கே 650 எம்பிக்கு மேல் ஏற்றவே முடியாது. ஆனால் இதே தந்திரம் அவர்களைக் காட்டியும் கொடுக்கும். ஜிப்பாக வரும்போது சில எம்பிதான் இருக்கிறது, பிரித்ததும் நூற்றுக்கணக்கான எம்பி ஆகிறது என்றால் உடனே அழித்துவிடுங்கள். ஒரே பைட்டைக் கோடிக்கணக்கில் அடுக்கினால்தான் அவ்வளவு சுருங்கும். முறையான செட்டப் ஃபைல் ஏற்கெனவே அழுத்தி வைத்தது, ஜிப் செய்தாலும் பெரிதாகச் சுருங்காது.

அந்த நிரலின் பெயர் விடார். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், கிரிப்டோ வாலெட் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிடும். இதில் குக்கீயைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் ஜிமெயிலில் ஒருமுறை உள்ளே போன பிறகு ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதற்கு அந்தக் குக்கீதான் காரணம். திருடியவன் அதைத் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் நீங்களாகவே கூகுளுக்குத் தெரிவான். ஓடிபியும் கேட்காது. 'எனக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனல் போனது இப்படித்தான். ஒன்றரைக் கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள், தொழில்நுட்பமே தொழிலாக உள்ள குழு. ஸ்பான்சர் ஒப்பந்தம் போல வந்த போலி பிடிஎஃப் இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்ததோடு சரி, சேனல் கைமாறி, டெஸ்லா என்று பெயர் மாற்றப்பட்டு, கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், வீட்டில் ஒரே லேப்டாப்பில் பாடமும் எடுத்து, பேங்க் வேலையும் பார்ப்பவர்களை நினைத்தால் பதறுகிறது.

சரி, பாதுகாப்பாக இறக்குவது எப்படி? தேடல் பக்கத்தில் 'ஸ்பான்சர்ட்' என்று சின்னதாகப் போட்டிருக்கும் எதையும் தட்ட வேண்டாம். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்: ஓபிஎஸ்ஸுக்கு ஓபிஎஸ்ப்ராஜெக்ட் டாட் காம் (obsproject.com), ஆடாசிட்டிக்கு ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க் (audacityteam.org), மற்ற மூன்றுக்கும் அதனதன் பெயரோடு டாட் ஆர்க் (gimp.org, inkscape.org, kdenlive.org). ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே இலவசமாக இருக்கின்றன. அதே பெயரைச் சாயலாக வைத்துக் காசு கேட்கும் செயலி வந்தால் விட்டுவிடுங்கள்.

இறக்கியதும் ஓட்டிவிடாதீர்கள். ஜிம்ப்பின் டவுன்லோட் பக்கத்தில் எஸ்ஹெச்ஏ256 (SHA256) என்று 64 எழுத்துள்ள ஒரு வரி இருக்கும், அது ஃபைலின் கைரேகை மாதிரி. விண்டோஸில் கட்டளை டைப் செய்யும் பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) என்ற கட்டளைக்குப் பின் ஃபைலின் பாதையைக் கொடுத்தால் உங்கள் ஃபைலின் வரி வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பரவாயில்லை; மற்றபடி ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஃபைல். அந்த வரியை அசல் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், போலித் தளத்தில் போலிக்கு ஏற்ற வரியையே போட்டிருப்பான்.

விண்டோஸ் 11 ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்துவிடுங்கள். ஃபைல் எந்த வகை என்று காட்டும் பெயரின் கடைசிப் பகுதி மறைந்திருப்பதால்தான் 'ஒப்பந்தம் டாட் பிடிஎஃப் டாட் எஸ்சிஆர்' என்ற ஃபைல் பிடிஎஃப் போலத் தெரிகிறது. எஸ்சிஆர் என்றால் ஸ்கிரீன்சேவர், அதாவது ஓடக்கூடிய நிரல். இலவச ஏஐ வீடியோ செய்து தருகிறோம், போட்டோவை ஏற்றுங்கள் என்று ஃபேஸ்புக்கில் வருகிற போலித் தளங்களிலும் இதே வேலைதான்: கடைசியில் கையில் தரும் 'எம்பி4', முழுப் பெயரைப் பார்த்தால் இஎக்ஸ்இ என்று முடியும், அதுவும் ஓடக்கூடிய நிரல்தான். பாஸ்வேர்டு போட்ட ஜிப் கொடுத்து, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்துவிட்டுத் திற என்று எந்த நல்ல மென்பொருளும் சொல்லாது.

தமிழில் தட்டச்சு செய்யவும் கண்ட தளத்தில் தேடி அலைய வேண்டாம். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே தமிழ் ஃபொனெட்டிக் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ் ஃபொனெட்டிக் விசைப்பலகையையும் சேர்த்தால் போதும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். அந்தக் கணினியிலிருந்து பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் அவனுக்கே போகும். போனில், மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பேங்க் அதற்கடுத்து. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' போய் எல்லாவற்றையும் சைன் அவுட் செய்யுங்கள், குக்கீ செத்துப்போகும். பலரும் மறப்பது இது: ரெக்கவரி எண் மாறியிருக்கிறதா, ஜிமெயிலில் ஃபார்வர்டிங் போட்டிருக்கிறானா, யூடியூப் ஸ்டூடியோவின் பெர்மிஷன்ஸில் தெரியாத ஆள் இருக்கிறாரா என்று பார்த்தே ஆக வேண்டும். பணம் போயிருந்தால் இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே, அன்றைக்கே அழையுங்கள். பிறகு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள்.

சேனல் பிழைத்துக்கொண்டால், அதே பெர்மிஷன்ஸ் பக்கத்தில் இன்னொரு ஜிமெயிலுக்கு எடிட்டர் உரிமை கொடுத்து, தினசரி அப்லோடை அதிலிருந்தே செய்யுங்கள். எடிட்டரால் சேனலை அழிக்கவோ வேறு ஆளைச் சேர்க்கவோ முடியாது. உரிமையாளர் கணக்கை அந்த லேப்டாப்பில் திறந்தே வைக்க வேண்டாம்.