கிடுகு வேலி முதல் கல்லடிப் பாலம் வரை: புகைப்பட டெக்ஸ்சரோடு சில வருட அனுபவம்

பாலி ஹேவன் போன்ற இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் டெக்ஸ்சர்கள் (முப்பரிமாண மாடலின் மேல் ஒட்டும் பரப்புப் படங்கள்) தரமானவை, தொழிலுக்கும் தடையில்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் மட்டக்களப்பு வீடு ஒன்றை முப்பரிமாணத்தில் செய்ய அவை மட்டும் போதாது. கிடுகு வேலி, பாசி பிடித்த பீலி ஓடு, உப்புக் காற்றில் பூச்சு உரிந்த மதில் எல்லாவற்றையும் நாமேதான் படம் எடுக்க வேண்டும். போன் கமரா, படம் திருத்தும் கிம்ப், படத்திலிருந்து மேடுபள்ளத்தை ஊகிக்கும் மெட்டீரியலைஸ், முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் என்ற நான்கும்தான் சில வருடங்களாக என் கருவிகள். இவற்றில் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது கமராதான், அதிலும் நாம் படம் எடுக்கும் நேரம்.

வெயிலில் எடுத்த படத்தில் நிழலும் சேர்ந்து வந்துவிடும். மாடலில் ஒளியை இடப்பக்கம் வைத்தால் கல்லின் நிழல் வலப்பக்கம் விழவேண்டும். படத்திலுள்ள நிழலோ எடுத்த திசையிலேயே நிற்கும். கண் அதை உடனே பிடித்துவிடும். முகில் மூடிய நாள்தான் இதற்கு நல்லது. மாரியில் அப்படிப்பட்ட நாட்கள் நிறையவே வரும், ஆனால் சுவர் ஈரமாக இருந்தால் நிறம் கறுத்து, மினுக்கமும் ஏறிவிடும். அதனால் மழை விட்டுச் சுவர் காயும்வரை காத்திருக்கிறேன். கச்சான் வீசும் மாதங்களில் முகிலை நம்பியிருக்க முடியாது. அப்போது கிழக்குப் பார்த்த சுவரைப் பின்னேரத்திலும் மேற்குப் பார்த்ததைக் காலையிலும் எடுக்கலாம். நிழலில் எடுத்த படம் நீலம் பாயும் என்பதால், முதலில் சாம்பல் நிற அட்டை ஒன்றைச் சுவரோடு வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைத் திருத்துவது சுலபம். எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் தானாகச் சமன்செய்யும் வசதி) நிறுத்தி, எக்ஸ்போஷரை (ஒளியளவை) மாறாமல் பூட்டி, கொஞ்சம் தள்ளி நின்று, சுவருக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கிட்டப்போய் அகல லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வளையும்.

கிம்ப் இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. படத்தை ஆஃப்செட் செய்து பாதி நகர்த்தினால் ஓரங்கள் நடுவுக்கு வரும், தெரிகிற பொருத்தை குளோன் கருவியால் மறைத்துவிடலாம். மதிலுக்கு இது போதும். கிடுகுக்கு இது சரிவராது, பின்னல் ஒழுங்கு குலைந்துவிடும். ஒரு கிடுகின் விளிம்பிலிருந்து அதே இடத்துக்கு வரும் அடுத்த கிடுகின் விளிம்புவரை அளந்து வெட்டினால்தான் தொடர்ச்சி கிடைக்கும். ஓலைக்கிடையில் தெரியும் ஓட்டைகளுக்கு ஆல்பா (எந்த இடம் ஊடுருவித் தெரியும் என்று காட்டும் படம்) வேறாக வரைய வேண்டும். பொறுமை கேட்கிற வேலைதான், ஆனாலும் வெளிச்சம் ஊடுருவும் அந்த வேலியை ரெண்டரில் (கணினி வரைந்து தரும் இறுதிப் படத்தில்) பார்க்கும்போது பட்ட பாடு வீணில்லை என்று தெரியும்.

ஒரே படத்திலிருந்து உயரம், நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது), வழவழப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் எடுத்துத் தருவது மெட்டீரியலைஸ். இத்தகைய கருவிகள் வெளிச்சத்தை வைத்தே உயரத்தை ஊகிக்கின்றன. சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதைக் குழி என்று எடுத்துக்கொள்ளும். அப்படியான இடங்களில் உயரப் படத்தை நான் கையால் சாம்பல் பூசித் திருத்துகிறேன். நார்மல் படத்தை பிளெண்டரில் சேர்க்கும்போது கலர் ஸ்பேஸ் என்ற அமைப்பை நான்-கலர் (Non-Color, அதாவது நிறமல்ல) என்று மாற்ற வேண்டும். மேடான இடம் பள்ளமாகத் தெரிந்தால், பச்சைச் சேனலைத் தலைகீழாக்கிப் பாருங்கள்.

பிளெண்டரில் மதில் போன்ற நேரான பரப்புகளுக்கு யூவி விரிக்காமல் (மாடலின் பரப்பைத் தட்டையாக விரித்துப் படத்தோடு பொருத்தாமல்), பெட்டியின் பக்கங்களிலிருந்து படத்தைப் பாய்ச்சும் பாக்ஸ் புரொஜெக்ஷனிலேயே வேலையை முடிக்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய நம் கோட்டை மதில் மாதிரி நீளமான பரப்பில் ஒரே படம் திரும்பத் திரும்ப வருவது அப்பட்டமாகத் தெரியும். இரண்டு படங்களை நாய்ஸ் மாஸ்க்கால் (ஒழுங்கற்ற புள்ளிக் கோலத்தால் எது எங்கே தெரியும் என்று பிரித்து) கலந்தால் அந்தக் குறை பெருமளவு மறையும். கல்லடியின் பழைய இரும்புப் பாலத்துக்கு வேறு கவனம் வேண்டும்: துரு உலோகமல்ல. பரப்பு உலோகமா என்று சொல்லும் மெட்டாலிக் மதிப்பு துருவுக்கும் பெயின்டுக்கும் 0, உராய்ந்து வெளிப்பட்ட இரும்புக்கு மட்டும் 1. இதைப் பிரித்து மாஸ்க் செய்தவுடன் பாலம் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிவது நின்றுவிடும்.

சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 4096 பிக்சல் சதுரப் படம் ஒன்று நினைவகத்தில் சுருக்காமல் 64 மெகாபைட் பிடிக்கும், ஒரு பொருளுக்கு நான்கு படங்கள் என்றால் 256. கமராவுக்குக் கிட்ட வரும் சுவருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டுத் தூரத்துக் கூரைகளுக்கு 1024 போடுங்கள்.

வாவித் தண்ணீருக்கு மட்டும் இந்த முறை உதவாது. தண்ணீரின் படத்தை ஒட்டினால் அது தரைவிரிப்பாகத்தான் கிடக்கும். ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.33, மிகக் குறைந்த ரஃப்னஸ் (கரடுமுரடு), மெல்லிய அலைக்கு ஒரு நாய்ஸ், இவை போதும். படம் எடுக்க வேண்டியது அதில் பிரதிபலிக்கும் வானத்தைத்தான்.