ஒரு வருடமாக என் வண்டியில் இருக்கும் ஓபிடி ஸ்கேனர்

சிக்னலில் நின்றால் பாட்டிலில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். வண்டி நகர்ந்துவிட்டால் அடங்கிவிடும். அப்புறம் ஒருநாள், மேடு ஏறும்போது இன்ஜின் திணறி, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் பிளக்குகளை மாற்றினார்கள், திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். இரண்டே நாளில் விளக்கு திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுகளைப் போனில் காட்டும் இந்த புளூடூத் ஓபிடி ஸ்கேனரை வாங்கினேன்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் செருகி, சாவியைத் திருப்பி, போனில் ஆப்பைத் திறந்தால் போதும். வந்த கோளாறுக் குறியீடு, அதாவது கோடு (code), பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். எந்தச் சிலிண்டர் என்றுதான் கோடு சொல்கிறது, எந்தப் பாகம் என்று சொல்வதில்லை. பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் குறைவு என எதுவாகவும் இருக்கலாம். பிளக் புதுசு என்பதால் எனக்குக் காயில் மேல் சந்தேகம். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டினேன். மறுநாள் பி0303 வந்தது. காயில் போன இடத்துக்கே கோளாறும் போயிருந்தது! கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் ரப்பர் உறையில் பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கருப்புக் கீற்று. மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. புதுக் காயில் போட்டதும் பாட்டில் தண்ணீர் அசையவில்லை.

குறைகளும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்தால் என்னுடைய ஸ்கேனரால் எதையும் படிக்க முடியவில்லை. அப்படியே செருகி வைத்துவிட்டுப் போனால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கோடை அழிக்கும் பட்டன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தெரியாமல் அழுத்திவிட்டால், கோளாறு வந்த நேரத்தில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எவ்வளவு, சூடு எவ்வளவு என்ற பதிவும் சேர்ந்தே போய்விடும். மெக்கானிக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் தயவுசெய்து ஸ்கேனரைத் தேடாதீர்கள். ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள். இன்ஜின் விளக்கு சிமிட்டினாலும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

ஆறு மாதம் கழித்து நடுக்கம் மறுபடியும் வந்தது. இந்த முறை ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. என் வண்டி ஆட்டோமேட்டிக். பிரேக்கை மிதித்தபடி கியரை ‘D’-யில் வைத்தால் கேபின் முழுக்க அதிர்ந்தது, நியூட்ரலுக்கு மாற்றினால் குறைந்தது. இன்ஜினைத் தாங்கி அதிர்வை அடக்கும் ரப்பர் மவுண்டில் பொதுவாகச் சென்சார் கிடையாது, அதனால் அது கெட்டால் விளக்கும் எரியாது. மிஸ்ஃபயர் இல்லை என்று தெரிந்ததால் மெக்கானிக்கிடம் நேராக மவுண்டைப் பார்க்கச் சொன்னேன். வலது பக்க மவுண்டில் ரப்பர் கிழிந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது.