கூட்டுக் கடனா, தனிக் கடனா: தம்பதியரில் ஒருவரின் சிபில் குறைந்திருக்கும்போது

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் கணவர், அரசுப் பள்ளி ஆசிரியையான மனைவி, இருவரும் வீடு வாங்கக் கடன் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாவு நூல் வராமல் தறி நின்ற மாதங்களில் தவணை தவறியதால், கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினோம் என்பதைக் காட்டும், 300 முதல் 900 வரை செல்லும் சிபில் மதிப்பெண்ணில் அவருக்கு 610, மனைவிக்கு 780.

இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் இரண்டு வருமானமும் கணக்கில் வந்து கடன் தொகை கூடும். ஆனால் பல வங்கிகள் குறைந்த மதிப்பெண்ணையே பார்த்து வட்டியை ஏற்றுகின்றன, அல்லது மனுவையே திருப்பிவிடுகின்றன.

மனைவி மட்டும் விண்ணப்பித்தால் வட்டி குறையும். தொகையோ அவருடைய சம்பளத்தின் அளவோடு நின்றுவிடும். கிரயப் பத்திரத்தில் கணவர் பெயரும் இருந்தால், வங்கி பொதுவாக அவரையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்லும். ஆகவே, வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தாலும், பத்திரம் மனைவி பெயரில் மட்டுமே இருக்க வேண்டியிருக்கும்.

தறிக்கூலி ரொக்கமாகவே வந்து வங்கிக் கணக்கில் ஏறாத வீட்டில், கணவரைச் சேர்ப்பதால் தொகை பெரிதாக உயராது என்பதால், நான் தனிக் கடனையே சொல்வேன். அடைத்த கடன் சிபில் அறிக்கையில் பாக்கியாகவே பதிவாகியிருந்தால் மட்டும், திருத்தம் கேட்டு 30 நாள் பொறுக்கலாம். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதி.