மாத மாத்திரைக்கு ஜி.எச்.சா, பக்கத்து சுகாதார நிலையமா?

சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் வீட்டில் இந்தக் குழப்பம் உண்டு. "பெரியாஸ்பத்திரி மாத்திரைதான் கேட்கும்" என்ற நம்பிக்கை அவ்வளவு வலுவானது.

செலவு: இரண்டு இடத்திலும் மாத்திரை இலவசம். ஆனால் சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) வரை போய்வர ஆட்டோ, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் கைக்காசு.

நேரம்: ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒன்று, மருந்து கவுன்டரில் இன்னொன்று. முட்டிவலியோடு நிற்கும் பாட்டிகளைப் பார்த்தால் மனசு கேட்காது. அதே வரிசையில்தான் வெளியூரிலிருந்து கடும் நோயோடு வந்தவரும் காத்திருக்கிறார். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் இவ்வளவு அலைச்சல் இல்லை.

பரிசோதனை: சர்க்கரை, பிரஷர் பார்க்க சுகாதார நிலையமே போதும். ஸ்கேன், சிறப்பு மருத்துவர் என்றால் ஜி.எச்.தான்.

நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் தயங்காமல் பக்கத்திலேயே வாங்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை தருகிறது. சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆறாத கால் புண், திடீர்ப் பார்வை மங்கலுக்கு ஜி.எச். போங்கள். நெஞ்சுவலியா? உடனே 108.