குலுக்கலா, பக்கத்து ஊரா, முன்பின் தேர்வா? மாலை வகுப்பின் பயனை அளக்க எது சரி?

பென்னாகரம் பக்கம் எங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்புகளைப் புதிய ஊர்களுக்குக் கொண்டுபோக முடிவானபோது, நன்கொடை தருபவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த வகுப்பால்தான் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்திருந்த மாவட்டம் எங்கள் தருமபுரிதான். இங்கே செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் எதையாவது மாற்றியாக வேண்டும்.

எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. வகுப்பு தொடங்குமுன் ஒரு தேர்வு, ஆண்டு முடிவில் ஒரு தேர்வு வைத்து வித்தியாசம் பார்ப்பது ஒன்று. வகுப்பு நடக்கும் ஊரையும் நடக்காத பக்கத்து ஊரையும் ஒப்பிடுவது இன்னொன்று. எந்த ஊருக்கு முதலில் வகுப்பு என்பதையே குலுக்கல் போட்டு முடிவுசெய்து, பெயர் வந்த ஊர், வராத ஊர் இரண்டையும் ஒரே மாதிரி அளப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் களப் பரிசோதனை என்கிறார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பின் தேர்வில் செலவு குறைவு. ஒரு ஆசிரியையும் ஒரு கேள்வித்தாளும் போதும். ஆனால் பிள்ளைகள் எப்படியும் வளர்கிறார்கள், பள்ளியிலும் பாடம் நடக்கிறது. எந்த வளர்ச்சி எதனால் வந்தது என்று இந்த வழி பிரித்துக் காட்டாது. கொரோனாவுக்குப் பிறகு தமிழக அரசு நடத்திய இல்லம் தேடிக் கல்வியே இதற்கு நல்ல சான்று. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு 24 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஒரு தன்னார்வலர் தன் திண்ணையில் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்னும் பின்னும் தேர்வு வைத்திருந்தால், மீட்சி முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் அந்த ஆய்வில் குலுக்கல் கிடையாது. 2019இலேயே எடுத்துவைத்த மதிப்பெண்கள் கையில் இருந்தன, அதே பிள்ளைகளைத் திரும்பவும் தேடிப்போய் அளந்தார்கள். அதனால்தான் பிரித்துச் சொல்ல முடிந்தது.

பக்கத்து ஊர் ஒப்பீட்டைக் கவனமாகச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். பீகாரை ஜார்கண்டோடு ஒப்பிட்டதோடு நிற்காமல், மாணவிகளை மாணவர்களோடும் ஒப்பிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று வந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் வந்த திட்டத்துக்கு இதைவிடச் சரியான வழி இருந்திருக்காது.

எங்கள் அளவில் அது சரிப்படாது. எந்த ஊரில் மாலை வகுப்பு தானாக அமைகிறது என்று பாருங்கள். தலைமையாசிரியர் ஆர்வமுள்ளவராக இருக்கும் ஊர், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பெண் கிடைக்கும் ஊர், சாயங்காலம் பஸ் வரும் ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பு இல்லாவிட்டாலும் ஓரளவு முன்னேறியிருப்பார்கள். ஏரியூர்ப் பக்கத்து மேட்டு நிலக் கிராமத்தையும் தண்ணீர் வசதியுள்ள பாலக்கோட்டுக் கிராமத்தையும் ஒப்பிட்டால், வகுப்பின் பயனுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரின் பயனைத்தான் அளந்திருப்போம்.

குலுக்கல் இந்தச் சாய்வை வேரோடு அறுக்கிறது. கல்வி ஆய்வுக்கு இது விவசாயத்திலிருந்து வந்த பழக்கம். காவேரிப்பட்டணம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் புதிய கேழ்வரகு ரகத்தைச் சோதிப்பவர்கள், நல்ல மண்ணாகப் பார்த்துப் புதிய ரகத்தை விதைக்க மாட்டார்கள். எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கிப் போடுவார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் 1920களில் வகுத்த முறை அது. பள்ளிக்கூடத்துக்கும் வறுமை ஒழிப்புக்கும் அதைக் கொண்டுவந்ததற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் வகுப்புக்கு மிக நெருக்கமான சோதனை, வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய பாலசகி திட்டம். உள்ளூரில் படித்த ஒரு பெண், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுப்பார். முதல் ஆண்டில் மதிப்பெண் 0.14 திட்ட விலக்கம் கூடியது, இரண்டாம் ஆண்டில் 0.28. (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) தமிழகத்திலேயே 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் வந்த பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பணியாளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாடம் சொல்லும் நேரம் இரு மடங்கானது, கணக்கும் மொழியும் முன்னேறின, வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் குறைந்தார்கள்.

குலுக்கல் என்றதும் எழும் முதல் எதிர்ப்பு நியாயம் பற்றியது. எங்கள் கூட்டத்திலும் எழுந்தது. பள்ளி மேசையில் ஒரு எவர்சில்வர் குடம், அதில் நான்காக மடித்த சீட்டுகள், எடுப்பதற்கு ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி. பெயர் வராத ஊரிலிருந்து வந்த பெரியவர் எழுந்து, “எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் டீச்சர்?” என்று கேட்டார். ஒரு பாவமும் இல்லை ஐயா, எங்களிடம் இருக்கும் பணம் இந்த ஆண்டு பாதி ஊர்களுக்குத்தான் காணும், அடுத்த சுற்று உங்களுக்கு என்றேன். அவர் சீட்டுகளைப் பிரித்துக் காட்டச் சொன்னார். எல்லா ஊர்ப் பெயரும் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்தபிறகுதான் உட்கார்ந்தார். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடப்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்ததே. எல்லோர் முன்னாலும் நடக்கும் குலுக்கலை எங்கள் மக்கள் ஏற்கிறார்கள். சிபாரிசில் போகும் இடத்தைத்தான் ஏற்பதில்லை. அதுவும் மனக்குறை என்றால் வதோதராவின் வழி இருக்கிறது. பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும் மீதியில் நான்காம் வகுப்புக்கும் பாலசகியை அனுப்பினார்கள். எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு போகவில்லை, ஒப்பிடவும் முடிந்தது.

இவையெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எந்த முறை நிற்கும், எது சாயும் என்பதை முடிவுசெய்வது வேறொன்று: நடு ஆண்டில் ஊரைவிட்டுப் போகும் பிள்ளை.

அறுவடை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பெங்களூரு கட்டட வேலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், கேரளத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் பெற்றோரோடு போய்விட்டார்கள். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் போவார்கள், பெரும்பாலும் அவர்கள்தான் மதிப்பெண்ணிலும் கீழே இருப்பார்கள். மீதி முப்பது பேர் ஒரு எழுத்துகூடப் புதிதாகக் கற்காமலேயே ஆண்டு முடிவில் வகுப்புச் சராசரி ஏறியிருக்கும். முன்பின் தேர்வு அதை வெற்றி என்று அறிவிக்கும். அந்த முப்பது பேரின் பழைய மதிப்பெண்ணை மட்டும் எடுத்து ஒப்பிடலாம்தான். அப்போது இருப்பவர்களின் கதை தெரியும். யாருக்காக வகுப்பைத் தொடங்கினோமோ அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். பக்கத்து ஊர் ஒப்பீட்டிலோ ஊருக்கு ஊர் புலம்பெயர்வு மாறும். எந்த வித்தியாசம் வகுப்பினால், எது வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியினால் என்று தெரியாது.

குலுக்கலிலும் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். ஆனால் இரு பக்கமும் எத்தனை பேர் போனார்கள் என்பதையே ஒரு விளைவாக எண்ணலாம். இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. மாலை வகுப்பு இருக்கிறது என்பதற்காகவே சில தாய்மார்கள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அப்படியானால் வகுப்பு உள்ள ஊரில் பின்தங்கிய பிள்ளைகள் தங்குவார்கள், இல்லாத ஊரில் அதே மாதிரிப் பிள்ளைகள் போய்விடுவார்கள். தேர்வன்று வந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், நல்லது செய்த வகுப்பே தோற்றதுபோலத் தெரியும். போனவர் எண்ணிக்கையை இரு பக்கமும் வைத்துப் பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும். கிடைக்காத பிள்ளைகளைக் கணக்கில் கொள்ள டேவிட் லீ 2009இல் வெளியிட்ட முறையும் உண்டு. எல்லாம் சாதகமாக இருந்தால் விளைவு எவ்வளவு, பாதகமாக இருந்தால் எவ்வளவு என்று இரு எல்லைகளைக் கணக்கிடுவது. குலுக்கல் நடந்திருந்தால்தான் அந்தக் கணக்குக்குப் பிடிமானம்.

எல்லைக் கணக்கைவிட நல்லது தேடிக் கண்டுபிடிப்பது. கென்யாவில் 75 பள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்து 1998 முதல் அடுத்தடுத்துக் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை 20 ஆண்டுகள் கழித்தும் பின்தொடர்கிறார்கள். முதல் சுற்றில் கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினரை மறுபடியும் குலுக்கலில் எடுத்து, அவர்களை மட்டும் எங்கிருந்தாலும் விடாமல் தேடுவார்கள். எல்லோரையும் தேடும் செலவு இல்லாமல், போனவர்களின் நிலையும் தெரியவருகிறது. முதலில் தொடங்கியதால் கூடுதல் ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்களின் மணிக்கூலி 13 சதவீதம் அதிகம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது இந்தத் தேடலால்தான்.

நாங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறோம். அம்மாவின் எண் மட்டும் போதாது, சிம் மாறிவிடும். தாய்மாமன் எண், ஊர் மளிகைக் கடைக்காரர் எண், வேலைக்கு அழைத்துப்போன மேஸ்திரியின் எண் எல்லாம் வேண்டும். கடைசித் தேர்வைப் பள்ளி ஆண்டோடு சேர்த்து வைக்காமல் பொங்கல் வாரத்தில் வைக்கிறோம். அப்போதும் வராதவர்கள் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வருவார்கள், இல்லாவிட்டால் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தே தீருவார்கள். குலுக்கலில் பெயர் வராத ஊர்களுக்கும் இதே அக்கறையோடு போக வேண்டும் என்பதுதான் இதில் கடினம். அங்கே நமக்கு வகுப்பும் இல்லை, ஆசிரியையும் இல்லை. பெற்றோர் நம்மோடு பேசுவதற்குக் காரணமும் இல்லை. எங்கள் களப் பணியாளர்களின் நேரத்தில் பெரும்பகுதி அந்த ஊர்களில்தான் போகிறது.

குலுக்கல் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. புதுமைப் பெண் திட்டத்தில் தகுதியுள்ள மாணவி ஒவ்வொருவருக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உரிமையாக வருவதில் குலுக்கல் போடக் கூடாது. நான்கைந்து ஊர்களில் மட்டும் வேலை செய்பவர்களுக்கும் இது பயன்படாது. குலுக்கிப் போடுவது ஊர்களைத்தான் என்பதால், எத்தனை பிள்ளைகள் என்பதைவிட எத்தனை ஊர்கள் என்பதே இங்கே கணக்கு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைத் தொண்டு நிறுவனம் நடத்தியபோது பலன் கிடைத்தது, அரசு நடத்தியபோது கிடைக்கவில்லை. எங்கள் ஊர்களில் தெரியவருவது அரூருக்கோ தளிக்கோ அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

படிப்பு வேலையாக மாறுகிறதா என்பதில் எங்கள் அனுபவம் குறைவு. எங்கள் முதல் பிள்ளைகள் இன்னும் பத்தாம் வகுப்பைத் தொடவில்லை. அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் சிறிய வகுப்புகளில் குலுக்கிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பிற்கால வருமானத்தை வரிப் பதிவுகளிலிருந்து எடுத்தார்கள். இங்கே கட்டடக் கூலி கையில் வாங்கும் காசு. ஓசூர்த் தொழிற்சாலையில் சேர்பவருக்கு வருங்கால வைப்பு நிதி எண் இருக்கும், கல் சுமப்பவருக்கு இருக்காது. ஆகவே அந்த அட்டையும் தாய்மாமன் எண்ணும்தான் பத்தாண்டு கழித்தும் எங்களுக்குத் துணை.

எங்களைப் போன்ற சிறு அமைப்புகள் கேட்டால் நான் சொல்வது: முதலில் தேடும் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள், குலுக்கல் நாளை அப்புறம் குறியுங்கள். வகுப்பு இல்லாத ஊர்களிலும் பிள்ளைகளைத் தேடிப்போக ஆள் வைக்க முடியாதென்றால், குலுக்கலை விட்டுவிட்டு, தொடங்கும் முன்பே இரு பக்கமும் ஒழுங்காகத் தேர்வு வைத்துப் பக்கத்து ஊரோடு ஒப்பிடுங்கள். முன்பின் தேர்வை மட்டும் நம்பி நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்பாதீர்கள்.